பாதர் என்ன சொன்னாரு?

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் லீவு முடிந்து என் வீட்டுக்காரர் மத்தியானமே ஓசூருக்குக் கிளம்பிவிட்டார். நாளைக் காலை ஷிப்ட். இனி சனிக்கிழமைதான் வருவார். மிச்சக் கரும்பை மகள் ஜோவிட்டா கடித்துத் துப்பி வாசலெல்லாம் சக்கை.

காலையில் பூசையில் மானம் போயிற்று. பாதர் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிறார், மணி அடிக்கிறது, கோவிலே முழங்காலில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து என் மகள், “அம்மா, இன்னும் எவ்ளோ நேரம்?” என்று கேட்டாள். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாத தொண்டை. அவள் அப்பா கொடுத்த சொத்து. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆண்கள் பக்கத்தில் முதல் நாற்காலியிலிருந்து பிலவேந்திரன் சார் திரும்பிப் பார்த்தார்.

சார் எனக்கு ஹெட்மாஸ்டராக இருந்தவர். ரிட்டையர் ஆகிப் பதினைந்து வருஷம் ஆகிறது, அந்தப் பார்வை மட்டும் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

“ஜெயராணி, நீ மறைக்கல்வி டீச்சர். பன்னெண்டு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவ. உம் புள்ளைய உன்னால அடக்க முடியல. முடியலன்னா வூட்டுலயே வுட்டுட்டு வா.”

ஜோவிட்டா என் முந்தானையைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் “சரிங்க சார்” என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

‘சரிங்க சார்’ என்று ஏன் சொன்னேன்? முப்பத்துநாலு வயசாகிறது எனக்கு.

ஜனவரி 24, சனி

நாளைக்குப் போட கவுனை எடுத்து வைத்தேன். ஜோவிட்டா அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள்.

“நான் வரல. அந்தத் தாத்தா என்னை வூட்டுலயே இருக்கச் சொன்னாங்கல்ல.”

அடம் பிடிக்கவில்லை, அழவில்லை. ஏதோ ஸ்கூல் சர்க்குலர் மாதிரி சொன்னாள்.

ஆறு வயதில், கோவிலுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது என்று ஒரு குழந்தை முடிவு செய்துவிட்டால் பிறகு எதைச் சொல்லித் திருப்புவது? இவள் அப்பாவையே பார்க்கிறேனே. சின்ன வயதில் பிரசங்கத்தின் நடுவே பேசினார் என்று உபதேசியார் பிரம்பால் தலையில் தட்டி வெளியே அனுப்பினாராம். போனவர் போனவர்தான். இன்றைக்கும் பூசை நேரத்தில் வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு நிற்கிற கூட்டத்தில் ஒருவர். ஏன் உள்ளே வரக்கூடாது என்று கேட்டால், “இங்கயே நல்லா கேக்குதே” என்பார். முப்பது வருஷமாக அங்கேயே கேட்கிறது. என் மகளும் பைக் பக்கத்திலேயே நின்றுவிடுவாளோ என்பதுதான் என் பயம். வேறு ஒன்றுமில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

பிஸ்கட் பாக்கெட் லஞ்சம் கொடுத்து அழைத்துப் போனேன். கிறிஸ்தவப் பெண்மணி.

இன்று மாட்டியது நாங்கள் இல்லை. சசிகலா தன் மகனைச் சமாளிக்க முக்காட்டுக்குள் போனைக் கொடுத்திருக்கிறாள். மன்றாட்டு நேரத்தில், “ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று எல்லாரும் சொல்லி முடித்த அமைதியில், முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு பொம்மைப் பூனை கத்தியது.

பிலவேந்திரன் சார் பங்குப் பேரவைத் தலைவர், கோவில் காரியங்களை முடிவு செய்கிற கூட்டம் அது. எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பூசை நேரத்தில் பக்கத்து மறைக்கல்வி அறையில் வைத்துவிடலாம், அங்கே ஒரு டிவி போடலாம் என்று பாதரிடம் சொன்னார். நான் பாதரிடம் தனியாகப் போய் நின்றேன். பாதர் பிரபாகர் இளவயதுக்காரர், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. “தவக்காலம் ஆரம்பிக்கற வரைக்கும் டைம் தர்றேன். நீங்க ஏதாவது செஞ்சு பாருங்க டீச்சர்” என்றார்.

மூன்று வாரம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

நான் வேலை செய்வது ஏரியூரில் ஜெராக்ஸ் கடையில். அந்தத் தைரியத்தில் மலைமேல் இயேசு உட்கார்ந்திருக்கும் படத்தைப் பன்னிரண்டு பிரதி எடுத்துப் போனேன். பீடத்துக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து பிள்ளைகள் சத்தமில்லாமல் வண்ணம் தீட்டுவார்கள் என்று கனவு. வானத்துக்கு நீலம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மீதியை எழுத வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். சண்டை போடாமல் தீட்டின இரண்டு பேரும் பாதர் பேசியதில் ஒரு சொல்லைக்கூடக் கேட்கவில்லை. அடக்கி வைப்பது வேறு, உள்ளே இருக்க வைப்பது வேறு போலிருக்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

கடை முதலாளி குப்புராஜ் அண்ணனிடம் புலம்பினேன். அவர் பேப்பர் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னார்: “எங்க மாரியம்மன் கோயில்ல புள்ளைங்க சத்தம் போடலன்னாத்தாங்க என்னாச்சோன்னு பயப்படுவோம். உங்க கோயிலு என்ன, பரிச்ச ஹாலா?”

நான் மெஷினுக்குப் பேப்பர் வைக்கப் போனேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இந்த வாரம் நற்செய்தி உப்பைப் பற்றியது. ஊரெல்லாம் புளி தட்டுகிற காலம், கொட்டைக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் ஒரு பேப்பர் கப்பும் கொடுத்தேன். ‘உப்பு’ என்று கேட்கும்போதெல்லாம் ஒரு கொட்டையைக் கப்பில் போட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

என்ன அமைதி! பன்னிரண்டு தலைகள் பாதரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஜோவிட்டாகூட. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைக்குத்தான் கூலி கிடைத்தது. காணிக்கைப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது ஒரு பையன் கால் பட்டு நாலைந்து கப் கவிழ்ந்தது. டைல்ஸ் தரையில் புளியங்கொட்டை எவ்வளவு தூரம் ஓடும் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். முழங்காலிட்ட பெண்கள் ஒவ்வொருவராக “ஸ்ஸ்” என்றார்கள். நன்மை அப்பம் வாங்கப் போன பிலவேந்திரன் சார் ஒரு கொட்டையை மிதித்து வழுக்கி, நாற்காலியைப் பிடித்து நின்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. கோவில் விஷயத்துக்கு இந்தப் பழமொழியா என்று கேட்காதே, வேறு எதுவும் பொருந்தவில்லை.

பூசை முடிந்து ஒரு சின்னப் பெண் பாதரிடம் போய்க் கணக்கு ஒப்பித்தாள்: “பாதர், நீங்க உப்பு ஒம்பது தடவ சொன்னீங்க. ‘அதாவது’ நாப்பத்திமூணு தடவ சொன்னீங்க.” பாதர் சிரித்தார். காது மட்டும் சிவந்துவிட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

பேரவைக் கூட்டம். முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு முதல் பிள்ளைகள் அறைக்குப் போக வேண்டும்.

சார் எழுந்து நின்று பேசினார். “ஒரு வருசமா ஒரு பிரசங்கம் முழுசா எங் காதுல விழல. இந்தச் சத்தந்தான் காரணம். நான் வேற எதுக்குக் கோவிலுக்கு வர்றேன்?”

எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் மனைவி ஞானமேரி அம்மா இறந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, யார் எதிர்த்துப் பேசுவார்கள்? நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரத்தோடு பேசினேன். புள்ளைங்கன்னா சத்தம் வராம புகையா வரும்? இவரு பொறக்கும்போதே ஹெட்மாஸ்டரா பொறந்தாரா? வெளிய நின்னு ஊர்க்கதை பேசுற ஆம்பளைங்க சத்தம் அவருக்குக் கேக்கலியா, எம் புள்ள சத்தம் மட்டுந்தான் கேக்குதா?

ஒரு டம்ளர் நசுங்கியது.

பிப்ரவரி 22, ஞாயிறு

அறை. கதவு சாத்தி, ஜன்னல் சாத்தி. கோவிலில் நடக்கிற பூசை மூலையில் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டியில் வருகிறது, அதற்கு மேலே டிவி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னையும் உள்ளே வைத்துவிட்டார்கள்.

நாள் முழுக்க எனக்கு வலித்தது இது அல்ல. திரும்பி வரும்போது ஜோவிட்டா சொன்னது: “அம்மா, இதுதான் நல்லா இருக்கு. எப்பவும் இங்கயே இருக்கலாம்.”

பைக் பக்கத்தில் நின்ற அவள் அப்பாவும், “பாத்தியா, புள்ளைக்கே புடிச்சிருக்கு” என்றார். நான் அவரோடு மாலைவரை பேசவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

அறையில் டிவி ஓடவில்லை, ரிமோட்டை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் எல்லாரும் ஸ்பீக்கரில் பூசை கேட்டோம். ஜோவிட்டா பெட்டிக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக் கிடந்தாள். நான் விட்டுவிட்டேன்.

பூசை முடிந்து பிள்ளைகள் ஓடிய பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் பிலவேந்திரன் சார் நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“ஜெயராணி, இன்னிக்கிப் பாதர் எதைப் பத்திப் பேசுனாரு?”

“உள்ள இருந்தது நீங்கதானுங்க சார்.”

அவர் அங்கிருந்த பிள்ளைகள் ஸ்டூலில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுவரை வந்தது. கைத்தடியைச் சுவரில் சாய்த்தார்.

“கோவில்ல ஒரு சத்தம் இல்ல. போன வாரமும் இல்ல, இந்த வாரமும் இல்ல. அப்பவும் எனக்குக் கேக்கல.”

நான் பாயைக் கீழே வைத்தேன்.

“அவ இருந்தப்ப, வூட்டுக்குப் போற வழியிலயே பிரசங்கம் பூராத்தயும் சொல்லிடுவா. அவ சொல்றதத்தான் நான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அது எனக்கே தெரியல. அவ போனப்பறம் புள்ளைங்க சத்தம்னு நெனச்சிட்டேன்.”

எனக்கு ‘சரிங்க சார்’கூட வரவில்லை. அப்போது ஜோவிட்டா, செருப்பைத் தேடி வந்தவள், மூலையிலிருந்து தன் தொண்டையில் சொன்னாள்:

“ஏசு மலைமேல ஏறுனாராம். டிரெஸ்ஸு பளீர்னு வெள்ளையாயிடுச்சாம். பீட்டரு எறங்கவே மாட்டேன், இங்கயே கொட்டாய் போட்டுக்கலாம்னு சொன்னாராம். ஏசு, கெடையாது, கீழ போலாம்னு கூட்டிட்டு வந்துட்டாராம்.”

சார் முழுவதும் கேட்டார். கையைக் காதுக்குக் கொண்டுபோகவில்லை, அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கிறது.

“அடுத்த வாரமும் வந்து சொல்றியா கண்ணு?”

“நான் வூட்டுலதான இருக்கணும்?”

அவள் குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். சார் முகம் என்னவோ ஆகிவிட்டது.

“நான் தப்பா சொல்லிட்டேன். நீ கோவிலுக்கு வா. உள்ள வா.”

போகும்போது என்னிடம், “காது சமாச்சாரம் வெளிய தெரிய வேணாம்மா” என்றார்.

மார்ச் 2, திங்கள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நேற்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு முதலில் வந்தது இதுதான். ஊர் முழுக்கப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. அப்புறம் அந்தச் சின்ன ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஒரு வருஷமாக அந்த அம்மா இல்லாமல் அவர் தனியாக நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். இதில் எழுதுவது சொன்னதாகாது.

மார்ச் 5, வியாழன்

பாதர் போன் செய்தார். “சார் தீர்மானத்தை வாபஸ் வாங்கிட்டாரு. காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு. நீங்க ஏதாச்சும் பேசுனீங்களா டீச்சர்?”

“இல்லீங்க பாதர்.”

மார்ச் 8, ஞாயிறு

ஜோவிட்டா இன்று பாயில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். பிரசங்கம் முழுக்க அசையவில்லை. நடுவில் ஒருமுறை உதடு அசைந்தது, மனப்பாடம் செய்கிறாள்.

பூசை முடிந்ததும் கோவில் படியில் சார் காத்திருந்தார். கிணற்றடியில் இயேசு ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்ட கதை. ஜோவிட்டா எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அக்கா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினதுவரை. கடைசியில் ஒரு சந்தேகம்.

“ஏசுக்குத் தாகமா இருந்துச்சுல்ல? கடேசி வரைக்கும் அவரு தண்ணி குடிச்சாரான்னு பாதர் சொல்லவே இல்ல.”

எத்தனை வருஷமாக இதைக் கேட்கிறேன், ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லையே. ஒரு குடம் தண்ணீருக்காக இந்த ஊரில் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

கடையில் நின்றுகொண்டு யோசித்தேன். புளியங்கொட்டையும் வண்ணமும் செய்யாததை எது செய்தது? அவளுக்குச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறது. அவள் கேட்காவிட்டால் அந்த ஆளுக்குக் கிடைக்காது.

அப்படியென்றால் மற்ற பதினொரு பேருக்கும் ஆள் பிடிக்க வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

பூசைக்கு முன்னால் மறைக்கல்வி வகுப்பில் கேட்டேன்: பூசைக்கு வர முடியாமல் வீட்டில் இருப்பவர்கள் யார் யார்? கைகள் தூக்கின. கால் உடைந்து படுத்திருக்கிற சவுரியப்பன் மாமா. பிரசவமாகிப் பதினெட்டு நாள் ஆன அக்கா. ஞாயிற்றுக்கிழமையும் தக்காளி லோடு ஏற்றுகிற அப்பா. ஆளுக்கு ஒருவரைப் பிரித்துக் கொடுத்தேன். “இன்னிக்கிப் பாதர் சொல்றதுல ஒண்ணே ஒண்ணு, அவங்ககிட்டப் போய்ச் சொல்லணும்.”

எல்லாம் சரியாக நடந்தது என்று எழுத மாட்டேன். ஒருவன் பிரசங்கத்தில் தூங்கிவிட்டான். இரண்டு பேருக்கு ஒன்றுக்கு வந்தது. ஆனால் சாயங்காலம் சவுரியப்பன் மாமா போன் செய்து, “ஏசு எச்சில்ல மண்ணக் கொழச்சிக் குருடன் கண்ணுல பூசுனாராமே, அப்பறம் கழுவுனானா இல்லியா? இந்தப் பொடியன் பாதிலயே ஓடிட்டான்” என்று கேட்டார்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பவனியில் ஓலையால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அது எல்லா வருஷமும்தான். இயேசுவின் பாடுகளின் வாசிப்பு நீளம், பெரியவர்களே கால் மாற்றி நின்றார்கள். பாய் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் வெளியே பைக் பக்கத்துப் பேச்சு உள்ளே வரை நன்றாகக் கேட்டது. பாதர் வாசிப்பை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். ஜோவிட்டா அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஏப்ரல் 12, ஞாயிறு

பெங்களூரில் இருக்கிற சார் மகன் ஈஸ்டருக்கு வந்தபோது சேலத்துக்கு அழைத்துப் போய்க் காது மிஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சார் இன்று போட்டுக்கொண்டு வந்தார். தோமையாரைப் பற்றிய பிரசங்கத்தில் பாதர் சொன்ன நகைச்சுவைக்கு முதலில் சிரித்தது சார்தான்.

படியில் ஜோவிட்டா காத்திருந்தாள். சார் அவள் தலையைத் தடவி ஒரு சாக்லேட் கொடுத்தார். “இனிமே உனக்குச் செரமம் இல்ல கண்ணு. தாத்தாவுக்கு எல்லாம் கேக்குது.”

அவள் “சரிங்க தாத்தா” என்றாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

வீட்டில் சாக்லேட் பிரிக்கப்படாமல் டிவி மேலே இருக்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

பிரசங்க நேரத்தில் ஜோவிட்டா பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். இரண்டு வழிப்போக்கர்களோடு இயேசு நடந்து வந்த கதை, அவளுக்குப் பிடித்திருக்கும். கேட்கவில்லை. வேறு ஆள் தருகிறேன், சொல்லு என்றேன். “வேற யாருக்கும் வேணாம்” என்றாள்.

அவருக்குக் காது கேட்பதில் எனக்குச் சந்தோஷம் இல்லையா? இருக்கிறது. எவ்வளவு ஏங்கியிருப்பார். அதற்காக என் பிள்ளை மறுபடி வாசல் பக்கம் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

கடை விட்டு வரும்போது சார் வீட்டுக்குப் போனேன். கேட்டுவிடுவது என்றுதான் போனேன். காபி கொடுத்தார், மிஷினைக் கழற்றிக் காட்டினார், பாட்டரி எப்படி மாற்றுவது என்று சொன்னார். ‘கேட்காத மாதிரி இருங்கள்’ என்று ஒரு மனுஷனிடம் எப்படிக் கேட்பது? “ஜோவிட்டா எப்டி இருக்கா?” என்றார். “பாயைப் பிரிச்சிட்டிருக்காங்க சார்” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வந்துவிட்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டாள். காய்ச்சல் இல்லை.

மே 3, ஞாயிறு

இழுத்துக்கொண்டுதான் போனேன். கடைசியில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சார் மிஷின் போட்டிருந்தார். பிரசங்கம் முழுக்கக் கேட்டார், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூசை முடிந்தது. வெளியே வந்தவர் மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒதுங்கினார். காதிலிருந்து மிஷினைக் கழற்றினார், கைக்குட்டையில் சுற்றினார், சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு படியில் வந்து உட்கார்ந்தார்.

“ஜோவிட்டா, இங்க வா. பாதர் என்ன சொன்னாரு?”

“மிஷினு?”

“அது செரியில்லம்மா.”

கோவில் படியில் உட்கார்ந்து பொய். ஹெட்மாஸ்டர். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், நான் பைக் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜோவிட்டா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். தூணில் சாய்ந்திருந்தும் கேட்டுத்தான் இருக்கிறாள்.

“ஏசு சொன்னாராம், எங்கப்பா வூட்டுல நெறைய ரூமு இருக்குது, நான் முன்னாடி போயி உங்களுக்கு எடம் ரெடி பண்றேன்னு.”

“அப்பறம்?”

“அங்க சின்னப் புள்ளைங்களுக்குத் தனி ரூமு இருக்குமான்னு பாதர் சொல்லல.”

“என்ன?”

இந்த முறை நிஜமாகவே கேட்கவில்லை. அவள் எழுந்து அவர் காதருகே வாயை வைத்து மறுபடி கேட்டாள். முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

சார் கை சட்டைப் பையைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

“இருக்காது கண்ணு. இருந்தா, நான்தான உனக்கு முன்னாடி போவேன், போயி எடுக்கச் சொல்லிடறேன்.”

ஜோவிட்டா சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்ததைச் சொல்லத் தொடங்கினாள்.